150/60க்கு 150/60 தான்: 17 அங்குல ஸ்போர்ட்ஸ் டயர் தேர்வும் மாற்றமும்

கே.டி.எம். 390 டியூக், ஆர்.சி. 390, ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310, அதே ஊரில் உருவான பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர். இந்த நான்கு வண்டிகளுக்கும் டயர் அளவு ஒன்றே. முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 அங்குல ரேடியல். ஆகவே இங்கே ஒரு 390 டியூக்கை வைத்துச் சொல்லும் தேர்வுக் கணக்கு மற்ற மூன்றுக்கும் அப்படியே பொருந்தும். சக்கரத்தைக் கழற்றும் விதத்தில் மட்டும் சின்னச் சின்ன வித்தியாசம் வரும்.

பழைய டயரைப் படிப்பது

புது டயர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் பழைய டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வண்டி எந்தச் சாலையில் எப்படி ஓடியது என்பது முழுக்க அதில் பதிந்திருக்கும். எந்த வகை டயர் வேண்டும் என்பதற்கான பதிலும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

பின் டயரில் உள்ளங்கையை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குறுக்கே தடவுங்கள். நல்ல டயர் பந்துபோல ஒரே வளைவாகக் கைக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோடு போன்ற நெடுஞ்சாலையில் நேராகவே ஓடிய டயர் நடுவில் சப்பட்டையாகி, சப்பட்டை முடியும் இடத்தில் இரு பக்கமும் ஒரு விளிம்பு கையில் தட்டும். வண்டி வளைவில் முதலில் சாய மறுத்து, பிறகு சட்டென்று விழுவதுபோல் சாய்வதற்குக் காரணம் அந்த விளிம்புதான். பலர் இதை ஷாக் அப்சார்பர் கோளாறு என்று நினைத்து அங்கே பணம் செலவழிக்கிறார்கள். முதலில் டயரைத் தடவிப் பாருங்கள்.

முன் டயரைச் சுற்றுவாட்டத்தில் தடவ வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்போலவும் தட்டினால், பட்டன்களின், அதாவது பள்ளங்களுக்கு நடுவே உள்ள ரப்பர் கட்டிகளின், ஒரு முனை மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. அழுத்திப் பிரேக் பிடிப்பதாலும், காற்று குறைவாக வைத்து ஓட்டுவதாலும் இது வரும். ஹேண்டிலில் வரும் மெல்லிய அதிர்வு, கூடவே 'உர்ர்' என்ற சத்தம், இரண்டும் இதிலிருந்துதான். புது டயர் போட்டும் காற்று குறைவாகவே வைத்தால் திரும்பவும் அப்படித்தான் தேயும்.

ஆழத்தைப் பார்க்க, பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேட்டைத் தேடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று காட்ட ஓரத்தில் முக்கோணக் குறியோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ இருக்கும். பைக் டயரில் அந்த மேட்டின் உயரம் பொதுவாக 0.8 மி.மீ. டயர் அதுவரை தேயட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முன் டயரில் ஆழம் 2 மி.மீ.க்கு வந்துவிட்டால், ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மாற்றிவிடுவதே நல்லது. தேங்கிய நீரை முதலில் சந்திப்பதும் விலக்குவதும் முன் டயர்தான். பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது.

சைடுவால் எழுத்து

150/60 ஆர்17 66ஹெச் என்று இருந்தால், அகலம் 150 மி.மீ., சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) உயரம் அகலத்தில் 60 சதவீதம், அதாவது 90 மி.மீ. 'ஆர்' ரேடியலைக் குறிக்கும், அதாவது உள்ளிழைகள் குறுக்கே நேராக ஓடும் வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 66 சுமைக் குறியீடு, அது 300 கிலோ. முன் டயரில் வரும் 54 என்பது 212 கிலோ. கடைசி எழுத்து வேக எல்லை: எஸ் 180, ஹெச் 210, வி 240, டபிள்யூ 270 கி.மீ. தயாரிப்பாளர் கொடுத்த சுமையும் வேக எழுத்தும் குறையக் கூடாது, கூடினால் பாதகமில்லை.

பலருக்கும் ஆசை வருவது '160 போடலாமா' என்ற இடத்தில்தான். கணக்கைப் போட்டே பார்ப்போம். 17 அங்குலம் என்றால் 431.8 மி.மீ. அதோடு இரண்டு 90 சேர்த்தால் 150/60இன் மொத்த விட்டம் 611.8 மி.மீ. 160/60க்குச் சைடுவால் 96 மி.மீ., விட்டம் 623.8. ஒரு சுற்றுக்கு 1922 மி.மீ. போன வண்டி இனி 1960 மி.மீ. போகும். ஏறத்தாழ 2 சதவீதம் கியர் நீண்டுவிட்டது, பிக்கப் அந்த அளவுக்கு மந்தமாகும். ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காப்பது) உள்ள வண்டியின் கம்ப்யூட்டர் முன் பின் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. அந்த விகிதத்தில் கை வைப்பதற்கு யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ரிம். 390 டியூக்கின் பின் ரிம் 4 அங்குல அகலம், 150/60க்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். 160க்கு உகந்தது 4.5 அங்குலம். 4 அங்குல ரிம்மில் 160ஐ ஏற்றினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுபட்டு, டயர் நடுவில் கூம்பிவிடும். அகலமான டயர் வாங்கியும் நேராகப் போகும்போது தரையில் படும் பரப்பு கூடாது, ஓர ரப்பர் தரையைத் தொடாமலே பழசாகும். சிலர் இன்னொரு பக்கம் போய் 'ஒல்லியாக 140/70 போட்டால் வண்டி சுறுசுறுப்பாகும்' என்பார்கள். 140இல் 70 சதவீதம் 98 மி.மீ. என்பதால் அதன் விட்டம் 627.8. ஒல்லி டயர் 160ஐவிட உயரம்! கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் 150/60க்குப் பதில் 150/60தான்.

முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் வகை) என்று கலக்கவும் கூடாது. இரண்டின் சைடுவாலும் வளையும் விதம் வேறு, வேகத்தில் வண்டி மிதப்பதுபோல் ஆடும். டயர் அளவில் 'ஆர்' எழுத்துக்குப் பதில் வெறும் கோடு இருந்தால் அது பயாஸ். பில் போடும் முன் அந்த ஒரு எழுத்தைப் பாருங்கள்.

எந்த ரப்பர்

'ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரில் குறைந்தது மூன்று வகை விற்கிறது. ஒன்று, தெருவுக்கான ஸ்போர்ட்ஸ். இன்னொன்று, நீண்ட பயணத்துக்கான ஸ்போர்ட்ஸ் டூரிங். மூன்றாவது, டிராக்கை மனதில் வைத்துச் செய்த மென்மையான ரப்பர்.

இந்த மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிராக் ரப்பர் ஒட்டுவதற்குச் சூடு வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 3.717 கி.மீ. சுற்றை இடைவிடாமல் ஓட்டினால் அந்தச் சூடு வரும். கோவைக்குப் பக்கத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்திலும் வரும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வராது. கொண்டை ஊசியில் வேகமே 20, 30 கி.மீ.தான். மேலே போகப் போகக் குளிர், தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் எப்போதும் ஈரம். அங்கே சூடேறாத டிராக் ரப்பரைவிட, சிலிக்கா கலந்த டூரிங் டயர் பிடித்து நிற்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் இதே கணக்கு. சிலிக்கா கலந்த ரப்பர் குளிரிலும் நனைந்த சாலையிலும் இளக்கமாகவே இருக்கும். மழைப் பிடிப்பில் பள்ளங்களுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்தக் கலவைக்கும் உண்டு.

பின் டயர் நடுவில் சப்பட்டையானவர்களுக்கு இரட்டைக் கலவை டயர்தான் பதில். நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மென்மை ரப்பர். மிஷெலின் ரோட் 5இன் பின் டயர் இப்படிப்பட்டது. 2020 முதல் ஆர்.ஆர். 310 அதனோடுதான் ஆலையிலிருந்து வந்தது. பிரெல்லி டயாப்லோ ரோஸ்ஸோ 2இன் பின் டயரிலும் இரண்டு கலவை. ஓரம் நிறையத் தேய்ந்து, நடுவும் அதே அளவில் தேய்ந்திருந்தால் நீங்கள் உண்மையிலேயே வளைவில் சாய்த்து ஓட்டுகிறவர். தெருவுக்கான ஸ்போர்ட்ஸ் டயரே உங்களுக்குப் போதும். உள்நாட்டுத் தயாரிப்பில் எம்.ஆர்.எஃப். ரெவ்ஸ், அப்பல்லோ ஆல்ஃபா எச்1, மதுரை டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப் புரோடார்க் எக்ஸ்ட்ரீம் ஆகியவை இருக்கின்றன.

இந்த டயர்களை விற்கும்போது 'சைபர் டிகிரி ஸ்டீல் பெல்ட்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ரப்பருக்கு அடியில் ஒரே எஃகு இழை, நூல்கண்டு சுற்றுவதுபோல் சுற்றளவு வழியே சுற்றப்பட்டிருக்கும். வேகத்தில் டயர் வெளிநோக்கி உப்பாமல் அது கட்டிப்போடும். அதனால் தரையில் படும் பரப்பு 40 கி.மீ.யிலும் 140 கி.மீ.யிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இருக்கிற டயரில் இது இருந்தால், புதிய டயரிலும் இருக்கட்டும்.

தேதி

சைடுவாலில் 'டாட்' எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே அச்சாகியிருக்கும், இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். 6 மாதம், 8 மாதம் ஆன சரக்கு நல்ல சரக்கு. ஓராண்டைத் தாண்டினால் விலை குறைத்துக் கேட்கலாம். இரண்டாண்டைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் டயரை விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். எங்கே வைத்திருந்தார்கள் என்பதும் முக்கியம். வாசலில் வெயில் பட அடுக்கியதும், கம்ப்ரசர் மோட்டாருக்குப் பக்கத்தில் அடுக்கியதும் சீக்கிரம் கெடும். மோட்டாரின் பொறியில் ஓசோன் உண்டாகும், அது ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். சைடுவாலை விரலால் மடக்கி, மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கழற்றுதல்

தேவையானவை: பேடாக் ஸ்டாண்டு (சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது), 12 அங்குல டயர் லிவர் மூன்று, ரிம் காப்பான், வால்வு சாவி, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல், டார்க் ரென்ச் (குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்), காற்று மீட்டர், 5 கிராம் ஒட்டு எடைகள், புது வால்வு இரண்டு. ரிம் காப்பானுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். காலி ஆயில் கேனை வெட்டிய துண்டே போதும். வால்வை டயரோடு சேர்த்து மாற்றியே ஆக வேண்டும். பழைய வால்வை வளைத்துப் பார்த்தால் அடித்தண்டில் வெடிப்பு தெரியும்.

சக்கரத்தை எடுக்கும் முன் ஸ்பேசர்கள் (ஆக்சிலில் இடைவெளி காக்கும் வளையங்கள்) இருக்கும் நிலையைப் போட்டோ எடுத்து வையுங்கள். இடது வலது ஸ்பேசர்கள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறு. மாற்றிப் போட்டால் டிஸ்க், பிரேக் பேட்களைத் தாங்கும் காலிப்பரில் உரசும். செயின் அட்ஜஸ்டரின் கோடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் வெளியே வந்ததும் ஸ்பிராக்கெட் தாங்கியும் அதன் ரப்பர்களும் கழன்று விழும், பயப்பட ஒன்றுமில்லை. பேரிங்கை விரல் விட்டுச் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

காலிப்பரில் டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு மரத் துண்டைச் செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக் லிவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும்.

வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டபின் பீடை உடைக்க வேண்டும். டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டிக் கிடக்கும் இடம்தான் பீடு. பஞ்சர் கடையில் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை டயரில் ஊன்றி உடைப்பார்கள். அது வேலை செய்யும், ஆனால் ஸ்டாண்டின் பாதம் சைடுவாலில் இருக்க வேண்டும், ரிம்மில் படக் கூடாது. எந்த முறையானாலும் டிஸ்க்கும் ஏ.பி.எஸ். வளையமும் உள்ள பக்கம் மேலே இருக்கட்டும். தரையில் கிடக்கும் டிஸ்க்கின் மேல் ஏறி நின்றால் அது வளையும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லிவர் துடிக்கும்.

ஏற்றுதல்

அனுபவசாலிக்கும் புதியவருக்கும் வித்தியாசம் தெரியும் இடம் இது. புது டயரை முதலில் அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயில் செய்கிற வேலையை எந்த இயந்திரமும் அவ்வளவு எளிதாகச் செய்யாது. சூடான டயர் வளைந்து கொடுக்கும், பீடு கிழியாது.

சைடுவாலில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைக் காட்டும். முன் டயரிலும் பின் டயரிலும் பள்ளங்களின் கோலம் எதிரெதிராக இருந்தால் குழம்ப வேண்டாம், அம்பை மட்டும் நம்புங்கள். வண்ணப் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம், அது வால்வுக்கு நேராக வரட்டும்.

பீடு முழுக்கச் சோப்புக் கரைசல் தடவுங்கள். கிரீஸ், இன்ஜின் ஆயில், பெட்ரோல் எதுவும் ஆகாது. எண்ணெய் ரப்பரை ஊறவைக்கும், பீடு ரிம்மில் வழுக்கிச் சுற்றவும் செய்யும்.

முதல் பீடு கையாலேயே இறங்கிவிடும். இரண்டாவதில்தான் பலர் லிவரை முழு பலத்தோடு நெம்பி, ரிம்மைக் கீறி, பீடையும் கிழிப்பார்கள். பலம் இதற்குத் தேவையே இல்லை. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் இரண்டு முழங்காலாலும் பீடை அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்குங்கள். அங்கே கிடைக்கும் சில மி.மீ. தளர்ச்சிதான் இந்தப் பக்கம் பீடு ஏறுவதற்கான இடம். லிவரை ஒரு தடவைக்கு மூன்று விரல் அகலம் மட்டும் நகர்த்துங்கள். இறுகினால் நெம்பாதீர்கள். எதிர்ப் பக்கம் பள்ளத்திலிருந்து பீடு மேலே ஏறியிருக்கும். மறுபடி அழுத்தி இறக்குங்கள்.

பிறகு காற்று. வால்வு ஊசி இல்லாமலே கம்ப்ரசரைப் பிடியுங்கள். தடையின்றிப் பாயும் காற்று பீடை வேகமாகத் தள்ளும். 'டப்' என்று ஒன்று, சற்றுப் பொறுத்து 'டப்' என்று இன்னொன்று. இரண்டு சத்தம் கேட்டால் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. சைடுவாலில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் பீடு அங்கே ஏறவில்லை. 40 பி.எஸ்.ஐ. தாண்டியும் ஏறவில்லை என்றால் இன்னும் ஏற்றாதீர்கள். காற்றை விட்டு, அந்த இடத்தில் சோப்பு தடவி, மறுபடி தொடங்குங்கள். பிடிவாதமாக அழுத்தம் ஏற்றினால் பீடுக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். கையும் முகமும் அந்த நேரத்தில் டயருக்கு மேலே இருக்கக் கூடாது.

பேலன்ஸ் செய்ய இயந்திரம் அவசியமில்லை. ஆக்சிலை இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே சமமாகத் தாங்கி, சக்கரத்தைத் தானாக நிற்க விடுங்கள். கீழே வந்து நிற்கும் இடம் கனமானது. அதற்கு நேர் எதிரே 5 கிராம் ஒட்டி, மறுபடி விடுங்கள். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை கூட்டுங்கள். பொதுவாக 10, 20 கிராமில் முடிந்துவிடும். 60 கிராம் ஒட்டியும் அடங்கவில்லை என்றால் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டாவிட்டால் முதல் மழையில் எடை விழும். பஞ்சர் ஆகாமல் இருக்கட்டும் என்று டயருக்குள் திரவம் ஊற்றுகிறவர்கள் இந்தப் பேலன்ஸ் அத்தனையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் டயரில் அது வேண்டாம்.

சக்கரத்தை மாட்டி, கையேட்டில் உள்ள அளவுக்கு ஆக்சில் நட்டை டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். செயின் தளர்ச்சியைச் சரிபார்த்து, இரு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். அடுத்து, வண்டியை நகர்த்தும் முன்பாக, முன் பின் பிரேக் இரண்டையும் லிவர் இறுகும்வரை பல தடவை அழுத்துங்கள். விலகியிருக்கும் பேட் முதல் அழுத்தலில் டிஸ்க்கைத் தொடாது. டயர் மாற்றியவுடன் கடை வாசலிலேயே நடக்கும் விபத்துகளுக்கு இந்த ஒன்றை மறப்பதும் ஒரு காரணம்.

காற்றும் முதல் 100 கி.மீ.யும்

காற்று அளவு வண்டியின் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும், அதையே வையுங்கள். சைடுவாலில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அது ஓட்டுவதற்கான அளவு அல்ல. டிராக் நாளுக்குக் குறைத்து வைத்த காற்றோடு வீட்டுக்கு ஓட்டி வருவதும் தவறு. அளப்பது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். டயரின் சூடு ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 29 வைத்த டயர் சித்திரை மதியம் நெடுஞ்சாலையில் 33 காட்டினால் அது சரிதான். அந்த 33ஐப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை 25இல் நிற்பீர்கள், டயர் மெத்தையாகி ஓரம் தேயும். பங்க்கில் உள்ள மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சொந்த மீட்டர் ஒன்று வாங்கி எப்போதும் அதிலேயே பாருங்கள்.

புது டயரின் மேற்பரப்பு பளபளவென்று வழுக்கலாக இருக்கும். அச்சிலிருந்து பிரித்தெடுக்கப் பூசிய பொருளின் எச்சமும் அதில் இருக்கலாம். உப்புத்தாளால் தேய்ப்பதோ, கெமிக்கலால் துடைப்பதோ தேவையில்லை. முதல் 100 கி.மீ. காய்ந்த சாலையில், திடீர் பிரேக்கும் திடீர் ஆக்சிலரேட்டரும் இல்லாமல், சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்டுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பளபளப்பு மறைந்து மங்கலாகும். எதுவரை மங்கியிருக்கிறதோ அதுவரைதான் டயர் தயார். பைபாஸில் நேராக 100 கி.மீ. போனால் நடு மட்டும்தான் பழகியிருக்கும், ஓரம் இன்னும் புதுசு. மலை ஏறுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

மறுநாள் காலை காற்றை மறுபடி அளங்கள். 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கியிருந்தால் வால்வின் அடியிலும் ரிம் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழ் வருகிறதா பாருங்கள். குமிழ் வால்வில் வந்தால் வால்வை மாற்றினால் போதும். ரிம் விளிம்பில் வந்தால் காற்றை முழுக்க விட்டு, பீடை அந்தப் பக்கம் மட்டும் இறக்குங்கள். பழைய ரப்பர் துகளோ துருவோ ரிம்மில் ஒட்டிக் கிடக்கும். பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி காற்றடியுங்கள்.